டர்பனில் நின்ற ஓவர்கிளாக் மிட்ராண்டில் நிற்கவில்லை: சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட், ரெண்டரில் ஒன்றுமில்லை

மிட்ராண்ட்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சுட்டுச் சொல்லுங்க.

மெஷின் இதுதான்: ரைசன் 7 5800எக்ஸ், பி550 போர்டு, இரட்டை டவர் ஏர் கூலர், டிடிஆர்4-3600 ராம் 16 ஜிபி ரெண்டு ஸ்டிக், 750 வாட் கோல்டு பவர் சப்ளை. தென்னாப்பிரிக்காவுல கடலோர டர்பன்ல இருந்தப்போ போட்ட ஓவர்கிளாக் செட்டிங் (சிப்பைக் கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது): பிபிஓ (சிப்போட கரண்ட், வாட் எல்லையைத் தளர்த்துற ஏஎம்டி வசதி) ஆன், பூஸ்ட் ஓவர்ரைடு +200 மெகாஹெர்ட்ஸ், கர்வ் ஆப்டிமைசர் (கோருக்குப் போற வோல்ட்டேஜைக் குறைக்கிறது) எல்லா கோருக்கும் -30. ராம் 3600-க்குப் பதிலா 3800, ஃபேப்ரிக் (கோரையும் ராமையும் இணைக்கிற உள்பாதை) 1900. சினிபெஞ்ச் லூப், ப்ரைம்95 சோதனை எல்லாத்துலயும் பாஸ் ஆச்சு. ஒரு வெயில்காலம் முழுக்க கேம், எடிட்டிங்னு எந்தக் குறையும் இல்லாம ஓடுச்சு.

மே மாசக் கடைசியில வேலை மாத்தலாகி குடும்பத்தோட ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல இருக்கிற மிட்ராண்ட் வந்துட்டோம். குளிர் ஆரம்பிச்சதிலிருந்து தொல்லை. காலையில ஆன் பண்ணி மெயில் பாத்துட்டு இருப்பேன், திரை சட்டுனு கறுத்துடும், அடுத்த நொடி பயாஸ் லோகோ. நீலத்திரை கிடையாது, எரர் மெசேஜ் கிடையாது. சில நாள் டெஸ்க்டாப்பை அப்படியே விட்டுட்டு அடுப்பாங்கரை போய்த் திரும்பினா லாகின் திரை நிக்குது. ஆனா வீடியோ ரெண்டர் போட்டா மணிக்கணக்கா ஓடுது, ஒண்ணும் ஆகல.

இன்னொரு தொல்லை, இதுதான் அதிகமா பயமுறுத்துது. ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில்ல எடுத்த வீடியோ, ஒரு சொந்தக்காரங்க கல்யாண வீடியோ, ரெண்டோட ப்ராஜெக்ட் ஃபைலும் திறக்க மாட்டேங்குது. ஜிப் பிரிச்சா சில நேரம் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்குன்னு சொல்ற செய்தி) வருது.

இங்க ஒரு கடையில காட்டினேன். பவர் சப்ளை, போர்டு ரெண்டையும் மாத்தச் சொல்றாங்க. அவ்வளவு செலவு பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்.


கேப்டவுன்_கேமர் எழுதியது:

ப்ரோ, ஊர் மாறினதுதான் காரணமா இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்துலேருந்து 1,700 மீட்டருக்கு மேல, மிட்ராண்டும் ஏறக்குறைய அந்த உயரம்தான். அங்க காற்றோட அடர்த்தி டர்பனைவிட 15 சதவீதம் போல கம்மி. ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் தள்ளுற காற்றோட எடை குறையுது, அதனால சூட்டை இழுத்துட்டுப் போறதும் குறையுது. அதே கூலர், அதே பேஸ்ட், ஆனா முழு லோடுல நாலஞ்சு டிகிரி வரைக்கும் கூடலாம். 5800எக்ஸ் 90 டிகிரில தன்னையே இழுத்துப் பிடிக்கிற சிப். டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுது?


மிட்ராண்ட்_மதுரை எழுதியது:

ரெண்டர்ல 84. டர்பன்ல 80 கிட்ட இருந்த ஞாபகம். ஆக நீங்க சொல்ற அந்த நாலு டிகிரி சரியா இருக்கு. ஆனா ரீஸ்டார்ட் ஆகுற நேரத்துல சூடே இல்ல அண்ணா. சென்சார் அளவை எழுதி வைக்கிற ஹெச்டபிள்யூ இன்ஃபோ லாக் ஓட விட்டிருந்தேன், கடைசி வரியில 38 டிகிரி இருக்கு. ரூம்ல ஹீட்டர் போடல, காலையில விரல் விறைக்கிற குளிர்.


லெனேசியா_வாசி எழுதியது:

சூடு இல்லைன்னா கரண்டைப் பாருங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா? 2023-ல லோட் ஷெடிங் உச்சத்துல இருந்தப்போ இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டாங்க. அதுல விலை குறைஞ்சது எல்லாம் சுத்தமான சைன் அலை தராது, படிப்படியா வெட்டின அலைதான் வரும். இப்போ வர்ற பவர் சப்ளையில ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்) இருக்கு, அதுல சிலதுக்கு இந்த வெட்டு அலை ஆகாது. மெயின்ஸ் போய் பேட்டரிக்கு மாறுற அந்த நொடியில படக்குனு அணைஞ்சுடும். 2024 மார்ச் 26-க்கு அப்புறம் பத்து மாசம் லோட் ஷெடிங்கே இல்லாம இருந்தது, நிறைய பேர் அந்த இன்வெர்ட்டரைக் கழட்டாம அப்படியே விட்டுட்டாங்க. உங்க வீட்டுல முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது ஏதாவது லைன்ல இருக்கான்னு பாருங்க.


மிட்ராண்ட்_மதுரை எழுதியது:

இன்வெர்ட்டர் இல்ல. ஒரு யூபிஎஸ் இருக்கு, அதைக் கழட்டிட்டு நேரா சுவர்ல மாட்டிப் பாத்தேன். அப்பவும் அதே கதைதான். ரீஸ்டார்ட் ஆகும்போது மானிட்டர், ரௌட்டர் எதுவும் கண் சிமிட்டக்கூட இல்ல.


பீனிக்ஸ்_பழுதுகடை எழுதியது:

தம்பி, வணக்கம். நான் டர்பன் பக்கத்து பீனிக்ஸில் பல வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். எதையும் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வேலை, எல்லாச் சோதனைக்கும் முந்திய வேலை: கேமரா மெமரி கார்டில் அசல் இன்னும் இருந்தால் அதை அழிக்காதீர்கள். இந்த மெஷினிலிருந்து எந்த ஃபைலையும் இப்போது காப்பி செய்ய வேண்டாம். ராம் தவறு செய்தால் காப்பியும் கெட்டுத்தான் போகும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி பேக்கப் எடுங்கள், அல்லது பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எடுங்கள். எடுத்ததும் விண்டோஸில் இருக்கும் சர்ட்யூடில் கட்டளையால் இரண்டு பக்கமும் ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) பார்த்து ஒப்பிடுங்கள். கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

இரண்டாவது, பயணம். டர்பனிலிருந்து என்3 சாலையில் 570 கிலோமீட்டர் போல வந்திருக்கிறீர்கள். இரட்டை டவர் கூலர் ஒரு கிலோ எடை. கேபினெட்டை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்திருந்தால் வழி முழுக்க அந்த ஒரு கிலோ சாக்கெட்டில் தொங்கி ஆடியிருக்கும். ராம் ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தாலும் போதும், இப்படித்தான் கோளாறு காட்டும். ராமைக் கழற்றி, பொன்னிற விளிம்பைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருந்த கணினிகளில் அந்த விளிம்பில் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும், அது உப்புக் காற்றின் வேலை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

கூலரைக் கழற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உங்கள் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் ஊசி எல்லாம் சிப்பின் அடியில் இருக்கும். பேஸ்ட் குளிரில் இறுகியிருக்கும்போது மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருந்தாலும் சிப் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். முதலில் பத்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி விடுவித்து எடுங்கள்.


சென்ச்சூரியன்_அக்கா எழுதியது:

அண்ணா சொன்ன பேக்கப்பை முதல்ல முடிங்க தம்பி. அதுக்கப்புறம் ஸ்க்ரூடிரைவர் எடுக்கிறதுக்கு முன்னாடி, மெஷினே என்ன எழுதி வச்சிருக்குன்னு படிச்சுடலாம். இதுவரைக்கும் எல்லாரும் சொன்னதெல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனா எது நடந்துச்சுன்னு அங்க பதிவு இருக்கும்.

ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். மூணு எண்ணைத் தேடுங்க.

கெர்னல் பவர் 41. இது எல்லாருக்கும் இருக்கும், பாத்ததும் பவர் சப்ளைதான் போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மெஷின் திரும்ப எழுந்துச்சுங்கிறது மட்டும்தான் அதோட அர்த்தம். ப்ளக்கைப் பிடுங்கினாலும் இதே 41 வரும். அதோட விவரத்துல பக்செக் கோட் 0-ன்னு இருந்தா, நீலத்திரை எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கலைன்னு எடுத்துக்கலாம்.

டபிள்யூஹெச்ஈஏ லாகர் 18. இதுதான் முக்கியம். ப்ராசசரே தனக்குள்ள சரிபண்ண முடியாத பிழையைப் பாத்துட்டு நின்னுபோச்சு, அடுத்த தடவை பூட் ஆனதும் அந்த விவரத்தை எடுத்து எழுதுது. ‘கேஷ் ஹைரார்க்கி எரர்’னு இருக்கும், கீழே ‘ப்ராசசர் ஏபிஐசி ஐடி’ன்னு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு பதிவுலேருந்தும் குறிச்சுக் கொண்டுவாங்க. வெறும் கரண்ட் கட்டுன்னா 41 வரும், 18 வராது.

டபிள்யூஹெச்ஈஏ லாகர் 19. இது சரிபண்ணப்பட்ட பிழை. மெஷின் ஓடிட்டே இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. ‘பஸ் ஆர் இன்டர்கனெக்ட் எரர்’னு வரிசையா இருந்தா ஃபேப்ரிக் 1900-ஐத் தாங்கலைன்னு அர்த்தம்.


மிட்ராண்ட்_மதுரை எழுதியது:

அக்கா, நீங்க சொன்ன மூணும் இருக்கு! பேக்கப் டீஃபால்ட் பயாஸ்ல எடுத்து முடிச்சேன், ஹேஷ் ஒத்துப்போச்சு. மெமரி கார்டுல கல்யாண வீடியோ அசல் பத்திரமா இருக்கு.

41 எல்லாத்துலயும் பக்செக் 0. ஒவ்வொரு 41 பக்கத்துலயும் ஒரு 18. ஏபிஐசி ஐடி பெரும்பாலும் 4, சிலது 5, அங்கங்க 11. வேற எண்ணே இல்ல.

19 பத்தி என்ன சொல்ல, பக்கம் பக்கமா இருக்கு. டர்பன்ல இருந்த தேதியிலேருந்தே இருக்கு.


சென்ச்சூரியன்_அக்கா எழுதியது:

ரொம்ப நல்லது, இப்போ பேச விஷயம் கிடைச்சுடுச்சு. உங்ககிட்ட இருக்கிறது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு. ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணுல பட்டதால ஒண்ணு மாதிரி தெரியுது.

முதல்ல ரீஸ்டார்ட். 5800எக்ஸ்ல எட்டு கோர், பதினாறு த்ரெட். ஏபிஐசி ஐடியை ரெண்டால வகுத்து மீதியை விட்டுட்டா கோர் எண் வரும். 4, 5 ரெண்டும் கோர் 2. 11-னா கோர் 5. பயாஸ்ல கோரை 0-லேருந்து எண்ணுவாங்க, ரைசன் மாஸ்டர்ல 1-லேருந்து. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு தப்பான கோரைச் சரிபண்றவங்க நிறைய பேர், கவனமா இருங்க. உங்களுக்கு பயாஸ்ல கோர் 2, கோர் 5. ரைசன் மாஸ்டர்ல பாத்தா அது 3, 6. அதுல ஒண்ணுக்குப் பக்கத்துல தங்க நட்சத்திரம் இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். நட்சத்திரம் போட்ட கோர்தான் சிப்புலயே சிறந்தது, குறைஞ்ச வோல்ட்டேஜ்ல அதிக வேகம் போற மாதிரி கம்பெனியிலேயே குறிச்சு அனுப்பினது. ஏற்கெனவே ஒட்ட வெட்டின கோர். அதுலேருந்து இன்னும் வோல்ட்டேஜ் குறைச்சா முதல்ல விழுறது அதுதான். சாதா கோர் -30 தாங்கும், நட்சத்திர கோர் -10 தாங்காம போகலாம். எல்லாத்துக்கும் ஒரே -30 போட்டா இதுதான் நடக்கும்.

கர்வ் ஆப்டிமைசர்ல ஒரு எண்ணுக்கு 3-லேருந்து 5 மில்லிவோல்ட். -30-னா 90-லேருந்து 150 மில்லிவோல்ட் வரை எடுத்துடுறீங்க. அது சின்ன அளவு இல்ல.

ரெண்டர்ல ஏன் விழல? எட்டு கோரும் சேர்ந்து வேலை செய்யும்போது கரண்ட், வாட், சூடு எல்லா எல்லையும் சேர்ந்து சிப்பைக் கீழே பிடிச்சு வைக்குது. வேகம் நாலரை கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்கும். அந்த வேகத்துக்கு -30 போதும். ஆனா நீங்க மெயிலைத் திறக்கிறப்போ ஒரே ஒரு கோர் தூக்கத்துலேருந்து எழுந்து கண் இமைக்கிற நேரத்துல உச்சிக்குப் போகுது. +200 குடுத்திருக்கீங்க, அதனால அது 5 கிகாஹெர்ட்ஸைத் தொடப் பாக்கும். அங்க ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் தேவை, அங்கதான் நீங்க எடுத்துட்டீங்க. மேட்டுல லோடு இழுக்கிற பைக் சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது அணைஞ்சுபோனா மெக்கானிக் முதல்ல ஐடில் ஸ்க்ரூவைத்தானே திருகுவார், அது மாதிரிதான். ப்ரைம்95, சினிபெஞ்ச் எல்லாம் முழு லோடைத்தான் சோதிக்குது. அதுல பாஸ் ஆனதுக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்ல.

இப்போ டர்பன், மிட்ராண்ட் கேள்வி. கேப்டவுன் தம்பி சொன்ன உயரக் கணக்கு சரிதான், ரெண்டர்ல 80-லேருந்து 84 ஆனது அதனால இருக்கலாம். ஆனா ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் அதுக்கு நேர் எதிர். குளிர்! இந்த சிப் தன் சூட்டைப் பாத்துதான் எவ்வளவு தூரம் பூஸ்ட் போகலாம்னு ஒவ்வொரு மில்லிசெகண்டும் முடிவு பண்ணுது. சூடு ஏற ஏற உச்சி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும். டர்பன்ல ஜூலை ராத்திரிகூட சராசரியா 11 டிகிரி போலதான் இறங்கும், வெயில்காலத்துல ரூமே 28, 30. அங்க உங்க கோர் அந்த உச்சிக்குப் போகவே இல்ல, இல்ல போனதும் இறங்கிடுச்சு. இங்க ஜூலைக் காலையில வெளியே 4 டிகிரி. நம்ம வீடுகள்ல சுவருக்குள்ள ஹீட்டிங் கிடையாது, ரூமும் ஏறக்குறைய அதே குளிர். சிப் 38 டிகிரில ‘இடம் நிறைய இருக்கு’ன்னு நினைச்சு முழு உச்சிக்கும் ஏறுது, அங்க வோல்ட்டேஜ் பத்தல, விழுது. மத்தியானம் ரூம் சூடானதும் தொல்லை குறையுதா இல்லையா? அதை மட்டும் கவனிச்சுச் சொல்லுங்க.

ரெண்டாவது கோளாறு ராம். 5800எக்ஸுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்றது டிடிஆர்4-3200. 3600, ஃபேப்ரிக் 1800 பெரும்பாலான சிப்புக்கு ஓடும். 3800, 1900 சிப்பைப் பொறுத்தது, சிலதுக்குக் கிடைக்கும் சிலதுக்குக் கிடைக்காது. 19 டர்பன்லேருந்தே வரிசையா இருக்குன்னு சொல்றீங்க, அப்போ உங்களுக்குக் கிடைக்கல. சிஆர்சி எரரும் திறக்காத ப்ராஜெக்ட் ஃபைலும் இந்தப் பக்கத்துலேருந்து வந்ததுதான்னு நினைக்கிறேன். இதை நான் ரீஸ்டார்ட்டைவிடப் பெரிசா பாக்குறேன். ரீஸ்டார்ட் ஆனா தெரியும். கெட்டுப்போன ஃபைல் எழுதினது மாசக்கணக்கா தெரியாம இருக்கும்.


கேப்டவுன்_கேமர் எழுதியது:

குளிர்ல பூஸ்ட் ஏறி விழும்னு நான் யோசிக்கவே இல்ல, அக்கா. நல்ல விளக்கம்.

ஒரு யோசனை. பயாஸ்ல ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’னு ஒண்ணு இருக்கு, அதை ‘டிபிக்கல் கரண்ட் ஐடில்’ ஆக்கிட்டா ஐடில் ரீஸ்டார்ட் நின்னுடும்னு நிறைய பேர் சொல்றாங்க. சி-ஸ்டேட்டையும் (சும்மா இருக்கும்போது கோர் தூங்குற நிலை) ஆஃப் பண்ணிடலாம். -30-ஐ விட வேண்டியதில்லையே?


சென்ச்சூரியன்_அக்கா எழுதியது:

அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன் தம்பி. அந்த செட்டிங் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகாம வைக்குது, அதனால தூங்கி எழுற தடவை குறையுது, ரீஸ்டார்ட்டும் குறையுது. கோர் 2-க்கு வோல்ட்டேஜ் பத்தலைங்கிறது அப்படியேதான் இருக்கும். என்னைக்காவது கேம் லோட் ஆகுறப்போ, இல்ல எக்ஸ்போர்ட் முடிஞ்சு கடைசி ஃபைலை எழுதுறப்போ விழும். சி-ஸ்டேட்டை ஆஃப் பண்ணா ஐடில்ல கரண்டும் வீணா கூடுது, ஒரு கோர் மட்டும் உச்சிக்குப் போற வாய்ப்பும் குறையுது. பூஸ்ட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு? டீஃபால்ட் செட்டிங்லயே ஐடில்ல விழுற பழைய பவர் சப்ளைக்கு வேணா அந்த வழி சரி.


லெனேசியா_வாசி எழுதியது:

அப்போ ஏன் இந்த பிபிஓ, கர்வ் எல்லாம்? பழைய மாதிரி எல்லா கோருக்கும் 4.6, வோல்ட்டேஜ் ஒரே அளவு, எல்எல்சி (லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்காம பிடிக்கிற செட்டிங்) நடுவுல வச்சு முடிச்சுட்டா ஏற்ற இறக்கமே இல்லையே.


சென்ச்சூரியன்_அக்கா எழுதியது:

முடியும் அண்ணா, சிலருக்கு அது சரியா இருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் ரெண்டர் ஓடுற மெஷினுக்கு அதுதான் நிம்மதி. ஆனா இந்தத் தம்பி பகல்ல எடிட்டிங், ராத்திரி கேம். ஒரு கோர் வேலைக்கு 4.8, 4.9 போகக்கூடிய சிப்பை 4.6-ல கட்டிப்போட்டா டைம்லைன் நகர்த்துறதே மந்தமாகும். நிலையான வோல்ட்டேஜ் போட்டா சிப் தானா வோல்ட்டேஜை இறக்கிக்கிற பாதுகாப்பும் போயிடும். அதனால நான் இந்த மெஷினுக்கு அதைச் சொல்லல.

தம்பி, வரிசை இப்படி வச்சுக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் மாத்தணும், இதுல மட்டும் அவசரப்படாதீங்க. முதல்ல எல்லாம் டீஃபால்ட், ராமும் டீஃபால்ட். சில குளிர்காலக் காலை அப்படியே விட்டுப் பாருங்க. டீஃபால்ட்லயும் 18 வந்தா ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம், சிப்பை வாரண்டிக்கு அனுப்பணும். வரலைன்னா சிப்பை டீஃபால்ட்லயே வச்சுட்டு ராமை மட்டும் கிட்டோட சொந்த 3600 ப்ரொஃபைல், ஃபேப்ரிக் 1800-க்குக் கொண்டுவாங்க. மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரு பிழைகூட வரக் கூடாது, ஒண்ணு வந்தாலும் அந்த செட்டிங் வேண்டாம். அடுத்த நாள் 19 வருதான்னு பாருங்க. ரெண்டும் சுத்தமா இருந்தா விண்டோஸ்ல எஸ்எஃப்சி ஸ்கேன் (சிஸ்டம் ஃபைலைச் சரிபாக்குறது) ஒரு தடவை. இவ்வளவு நாள் கெட்ட ராம்ல ஓடினதால சிஸ்டம் ஃபைலும் அடிபட்டிருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் பிபிஓ. +200-ஐ 0 ஆக்குங்க. விழுந்த கோர் 2, கோர் 5 ரெண்டுக்கும் -5, மத்ததுக்கு -15. கோர்சைக்ளர்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, இலவசம். அது ஒரு நேரத்துல ஒரே கோருக்கு மட்டும் வேலை குடுத்து, அந்தக் கோரை உச்சி வேகத்துல வச்சு, அடுத்ததுக்குப் போகும். எந்தக் கோர்ல பிழை வந்துச்சுன்னு எழுதி வைக்கும். நடுவுல ரீஸ்டார்ட் ஆனாலும் லாக் ஃபைலோட கடைசி வரியில எந்தக் கோர்ல இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும். விழுந்த கோருக்கு மட்டும் 5 எண் மேல ஏத்துங்க, -15 விழுந்தா -10. இதைக் காலையில, ஹீட்டர் போடறதுக்கு முன்னாடி, ஜன்னல் திறந்து ஓட விடுங்க. மத்தியானம் ஓடவிட்டு பாஸ்னு எடுத்துக்காதீங்க, கண்டிப்பா மறுபடி குளிர்ல விழும்.


பீனிக்ஸ்_பழுதுகடை எழுதியது:

அம்மா சொன்ன வரிசையே சரி. நான் சொன்ன ராம் துடைப்பதையும் முதல் படியோடு சேர்த்துச் செய்துவிடுங்கள், அதற்குச் செலவு இல்லை.

மிட்ராண்ட் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. கம்பளிச் சட்டையோடு கார்ப்பெட்டில் நடந்து வந்து ராமைத் தொட்டால் ஸ்டாட்டிக் அடிக்கும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். டர்பன் ஈரக்காற்றில் பழகியவர்களுக்கு இது ஞாபகம் வராது.

வாரண்டியைப் பற்றியும் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வாங்கும் பொருளுக்கு 6 மாதம் தானாகவே உத்தரவாதம் உண்டு. பழுது, மாற்று, பணம் திரும்ப என்று மூன்றில் எது வேண்டும் என்று நாமே கேட்கலாம். ஆனால் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலுக்கு மாறாகப் பொருளை மாற்றியிருந்தால் அந்த அளவுக்கு அது செல்லாது. ஏஎம்டியும் பிபிஓ உட்பட எந்த ஓவர்கிளாக்காலும் வரும் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை. போர்டு பயாஸிலேயே அந்த வசதி இருக்கிறதே என்று கேட்டால் ஏற்கமாட்டார்கள்.


மிட்ராண்ட்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் என் நன்றி. முடிச்ச வரைக்கும் சொல்றேன்.

ராம் விளிம்புல அண்ணா சொன்ன அந்த மங்கல் படலம் நிஜமாவே இருந்துச்சு. துடைச்சு மாட்டினேன். டீஃபால்ட்ல எந்தக் காலையிலயும் ரீஸ்டார்ட் இல்ல, 18 இல்ல, 19 இல்ல. அப்போ போர்டும் பவர் சப்ளையும் நல்லாத்தான் இருக்கு. 3600-ல மெம்டெஸ்ட் சுத்தம். துடைச்சதுதான் காரணமோன்னு சந்தேகம் வந்து மறுபடி 3800 போட்டுப் பாத்தேன், கொஞ்ச நேரத்துலயே 19 வரிசை கட்ட ஆரம்பிச்சுடுச்சு. 3600-க்கே திரும்பிட்டேன்.

கோர்சைக்ளரைக் காலை ஆறு மணிக்கு, ஜன்னல் திறந்து ஓட விட்டேன். மனைவி போர்வையை விட்டு வெளியே வரல. கோர் 2, -5-லயும் பிழை காட்டுது. 0-ல நிக்குது. நட்சத்திரம் அதுலதான் இருக்கு, அக்கா சொன்னபடியே. கோர் 5-க்கு -5 சரி. மத்ததெல்லாம் -15-ல ஓடுது, ரெண்டு கோர் -25 வரைக்கும் தாங்குது. பழைய செட்டிங்கோட ஒப்பிட்டா சினிபெஞ்ச்ல இழப்பு ரெண்டு சதவீதம்கூட இல்ல. ரெண்டர்ல சூடு 81.

மத்தியானம் பத்திக் கேட்டீங்களே அக்கா: பழைய லாகைப் புரட்டினேன். 18 பதிவு எல்லாமே காலை எட்டரைக்கு முன்னாடி, இல்ல ராத்திரி பத்துக்கு மேல. பகல்ல ஒண்ணுகூட இல்ல.

கல்யாண ப்ராஜெக்ட்டை மெமரி கார்டுலேருந்து புதுசா எடிட் பண்ண ஆரம்பிச்சுட்டேன். இசிபிங்கோ வீடியோ அசலை வேற ஹார்ட் டிஸ்க்ல வச்சிருந்தேன், அதுவும் திறக்குது.


சென்ச்சூரியன்_அக்கா எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கோர் 2-ஐ 0-லயே விடுங்க, அதைத் தள்ளிப் பாக்காதீங்க. ஓவர்ரைடும் 0-லயே இருக்கட்டும். டிசம்பர்ல ரூம் 30 ஆகும்போது ரெண்டர் சூட்டை மட்டும் ஒரு தடவை பாருங்க, அப்போ கேப்டவுன் தம்பி சொன்ன மெல்லிய காற்று வேலை காட்டும். 88-ஐத் தாண்டினா பிபிடி-ஐ (சிப் எடுக்கக்கூடிய வாட் எல்லை, டீஃபால்ட் 142) 120-க்கு இறக்குங்க, வேகம் கொஞ்சம்தான் குறையும்.


உம்லாங்கா_கடற்காற்று எழுதியது:

இதே இழையில கேட்டுக்கறேன். என்னோடது இன்டெல் ஐ7-14700கே. நான் ஓவர்கிளாக்கே பண்ணல, ஆனா கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ன்னு சொல்லி மூடிக்குது. கிராபிக்ஸ் கார்டு 16 ஜிபி. எனக்கும் இந்த கர்வ் வேலைதானா?


பீனிக்ஸ்_பழுதுகடை எழுதியது:

இது வேறு கதை, தம்பி. கிராபிக்ஸ் கார்டைத் தொடாதீர்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் சிப்பே அளவுக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு, காலப்போக்கில் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. கேம் தன் ஷேடர்களை (கிராபிக்ஸ் வரைவதற்கான சிறு நிரல்கள்) பிரிக்கும்போது ப்ராசசர் தவறு செய்கிறது. செய்தி மட்டும் வீடியோ மெமரி என்று வருகிறது. 2024 ஆகஸ்டில் 129 என்ற மைக்ரோகோடும் (பயாஸ் வழியாகச் சிப்புக்குள் ஏறும் திருத்தம்) செப்டம்பரில் 12பி என்ற மைக்ரோகோடும் வந்தன. அவை இனிமேல் தேயாமல் தடுக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது.

உங்கள் போர்டின் தளத்தில் இருக்கும் கடைசி பயாஸை இறக்கிப் போடுங்கள். பயாஸ் ஏறும்போது கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பிறகு பயாஸில் ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுங்கள். பல போர்டுகள் வாங்கும்போதே வாட் எல்லையைத் திறந்து வைத்திருக்கும். அதற்குப் பிறகும் அதே செய்தி வந்தால் சிப் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. பெட்டியோடு வாங்கிய சிப்புக்கு இன்டெல் வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டியிருக்கிறது. பில்லையும், சிப் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு இன்டெலிடமே நேராக எழுதுங்கள்.